லண்டனில் இருக்கும் மூலை

பலேர்மோ,
11 பெப்ரவரி 1996

அன்பின் குகனேசுக்கு,

நான் சுகம். சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் நோயைச் சொல்வது எங்கள் குடும்ப வழக்கம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். படி ஏறும்போது இடது முழங்கால் தனியாக ஒரு அபிப்பிராயம் சொல்கிறது. நான் அதை மதிப்பதில்லை.

இனிச் செய்தி. உமது புருஷன் இப்போது காரியதரிசி. சாதாரண ஆளுக்கு அல்ல. பிரித்தானியக் கடற்படையிலிருந்து இளைப்பாறிய ரியர் அட்மிரல் பென்வார்டன் அவர்களுக்கு. வயது எண்பத்திரண்டு. பதின்மூன்று வயதில் கடற்படைப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர், முப்பத்தெட்டு வருஷம் கப்பலிலேயே கிடந்திருக்கிறார். பிறகு ஐந்தாறு வருஷம் லண்டனில் ஒரு மேசையில். மேசையைப் பற்றி அவர் கதைப்பதில்லை.

1943இல் இந்தச் சிசிலித் தீவுக்குப் படை இறங்கியபோது தென்கரையைச் சுட்ட கப்பல்களில் ஒன்றில் இருந்தவர் இவர். சண்டை முடிந்ததும் அதே கரைக்குத் திரும்பி வந்து, அங்கே அகஸ்ரீனா என்ற வாத்தியாரம்மாவைக் கட்டியிருக்கிறார். குண்டு போட்ட ஊரிலேயே பெண் எடுத்த மனிதர். மாமனார் வீட்டுச் சுவரில் ஒரு ஓட்டை இருந்ததாம். அது எந்தக் கப்பலின் வேலை என்று மாமனாரும் கேட்கவில்லை, மருமகனும் சொல்லவில்லை. அந்த அம்மா இறந்து நாலு வருஷம்.

துறைமுகத்தைப் பார்த்த மூன்றாம் மாடி வீடு. வீடு என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. எல்லாம் கப்பல் பாஷைதான்: தரை தட்டு, சமையலறை கலி, நான் வுச்சீரியாச் சந்தைக்கு மீன் வாங்கப் போவதென்றால் கரையிறங்க அனுமதி கேட்க வேண்டும். லொரென்சோவின் கடையில் வாள்மூக்கு மீன் பார்த்துக்கொண்டு கொஞ்சம் பிந்திவிட்டால் அடுத்த நாள் விசாரணை. காலையில் நேப்பிள்ஸ் கப்பல் வரும்போது கடிகாரத்தைக் கையில் எடுப்பார். கண் மங்கிவிட்டதால் நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். "நாலு நிமிஷம் பிந்தி, ஐயா" என்பேன். கோணலாகவும் வந்திருப்பானே என்பார். எப்போதும் கோணல்தான்.

நேற்று அவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது, அதாவது அவருடைய கடிதங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும்போது, பெரிய விஷயம் ஒன்று சொன்னார். வீட்டுக்கு ஒரு சமையற்காரி வேண்டுமாம். "உன் மனைவி வருவாளா?" என்று கேட்டார். குகனேஸ், கத்தி என் கையில் இருந்தது. அவர் தப்பியது அவருடைய அதிர்ஷ்டம்.

அவர் கையெழுத்துப் போட்டால் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் உமக்கு இங்கே வருவதற்கான அலுவல் நடக்கும். மகள் சயந்தினியையும் கட்டிக்கொடுத்தாயிற்று. ஏழு வருஷம் பிரிந்திருந்தது போதும். ஒரு நிபந்தனை மட்டும்: நற்சான்று இல்லாமல் கப்பலில் ஒருவரையும் ஏற்றுவதில்லையாம். எதையாவது அனுப்பும். ஆங்கில முத்திரை இருந்தால் விசேஷம்.

அன்புடன்,
செல்வராசா
(காரியதரிசி)


உவர்மலை, திருகோணமலை,
10.03.1996

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. காரியதரிசி உத்தியோகம் என்று சயந்தினியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசுங்கள்.

நற்சான்று தேடி எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் கடற்படைப் பத்திரத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பதிவுத் தபாலில் இத்துடன் அனுப்புகிறேன். அப்பா எட்டு வருஷம் இங்கே உங்கள் அட்மிரலின் கடற்படையில் ஸ்டுவேர்ட்டாக இருந்தவர். அதிகாரிமாரின் மேசைக்குப் பரிமாறியவரின் மகள் சமைக்கிறாள் என்றால் அவர் வேறென்ன கேட்கப் போகிறார்?

மேலே வலப்பக்க மூலை வெட்டியிருக்கும். தபாலில் பழுதாகிப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் அந்தப் பத்திரத்தின் பெருமையே. சின்ன வயதில் நான் கேட்டபோது அப்பா சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "எல்லாருக்கும் வெட்டுறேல்லைப் பிள்ளை. அந்தத் துண்டை லண்டனிலை ராசாவின்ரை கந்தோரிலை வைச்சிருப்பினம். நான் திரும்பிப் போனால் ரெண்டையும் பொருத்திப் பாத்திட்டு எடுப்பினம்." ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் அதன் தலைப்பில் தானே சந்தனமும் குங்குமமும் வைப்பார். அந்தக் கறை அதில் இருக்கிறது, துடைத்துவிடாதீர்கள்.

கடற்படை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த நங்கூரம் போட்ட கரண்டியையும் அனுப்பத்தான் நினைத்தேன். சோதனைச்சாவடியில் பார்சலைப் பிரித்தால் எங்கள் வீட்டில் என்ன நங்கூரம் என்று கேட்பார்கள் என்று சயந்தினி தடுத்துவிட்டாள். அது சர்க்கரைப் போத்தலிலேயே இருக்கட்டும்.

ஒரு உதவி. அட்மிரலுக்கு லண்டனில் ஆட்கள் இருப்பார்கள்தானே. அந்த மூலை இன்னும் அங்கே இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். அப்பா போய்ப் பதினேழு வருஷம். இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு சந்தோஷம்.

அன்புடன்,
குகனேஸ்வரி


பலேர்மோ,
14 ஏப்ரல் 1996

அன்பின் குகனேசுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். பத்திரம் பத்திரமாக வந்தது. அட்மிரல் பார்த்தார். நீர் வரலாம் என்றார். அன்றைக்கே கொன்ட்ராத்தோவில், அதுதான் உமது வேலை ஒப்பந்தத்தில், கையெழுத்தும் போட்டுவிட்டார். பாஸ்போட் அலுவலைத் தொடங்கும்.

இங்கே புதினத்துக்குக் குறைவில்லை. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் நாங்கள் இருக்கும் வீட்டில் பக்கத்து அறை வாசெனும் சில்வியும் என்று எழுதியிருந்தேன் அல்லவா? மொரீசியஸ் தமிழர்கள். வாசெனுக்கு முருகனின் ஆறு முகத்துக்கும் விளக்கம் தெரியும், "தண்ணி தா" என்று கேட்கத் தெரியாது. நாங்கள் இரண்டு தமிழரும் இத்தாலியனில் கதைக்கிறோம், அதுவும் இருவருக்கும் சரியாக வராது. புத்தாண்டுக்கு நான் பொங்கியதைச் சில்வி சாப்பிட்டுவிட்டு மிகவும் நல்லது, இது என்ன நோய்க்கு என்று கேட்டாள்.

பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க ஐந்து மணிநேரம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் கொழும்பில் என்னுடைய தம்பிக்குப் பெண் கேட்டுப் பேசி முறிந்த இடத்துச் சிற்றப்பா. ஐந்து மணிநேரமும் இருவரும் முன்பின் தெரியாதவர்கள் போல நின்றோம். அவர் என்னைவிட நன்றாக நின்றார்.

அட்மிரலின் பழைய பத்திரங்களை நான்தான் இப்போது வாசித்துக் காட்டுகிறேன். ஒவ்வொரு கப்பலை விட்டு இறங்கும்போதும் மேலதிகாரி ஒரு மெல்லிய தாள் கொடுப்பாராம். "என் முழுத் திருப்திக்கு நடந்துகொண்டார்" என்று இரண்டு வரி. நாற்பது வருஷத்து மரியாதை ஒரு பிஸ்கற் டின்னுக்குள் அடங்கிவிட்டது.

கடிதம் நீண்டுவிட்டது. வெயில் தொடங்கிவிட்டது. மிச்சம் பிறகு.

அன்புடன்,
செல்வராசா


உவர்மலை,
08.05.1996

அன்புள்ள அத்தானுக்கு,

அட்மிரல் சம்மதித்தது சந்தோஷம். கோயிலில் அர்ச்சனை செய்தேன். பாஸ்போட்டுக்குப் படம் பிடித்தாயிற்று, அதில் நான் யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறேன்.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சிற்றப்பா வந்தார், பொங்கல் வந்தது, பிஸ்கற் டின் வந்தது. மூலை வரவில்லை. அட்மிரல் அதைப் பார்த்து என்ன சொன்னார்?

குகனேஸ்வரி


[துறைமுகப் படம் போட்ட தபாலட்டை]

26 மே 1996

குகனேஸ்,

படத்தில் இடப்பக்கம் நிற்பது நேப்பிள்ஸ் கப்பல், படத்திலும் கோணல். மூலை விஷயமாக அட்மிரல் லண்டனுக்கு எழுதிக் கேட்பாராம். கந்தோர்கள் மெதுவானவை, காத்திருக்க வேண்டும். அட்டையில் இடம் முடிந்துவி

செ.


உவர்மலை,
20.06.1996

அன்புள்ள அத்தானுக்கு,

பாஸ்போட் வந்துவிட்டது.

லண்டனுக்கு எழுதியிருக்கிறார் என்றால் நல்லது. பதில் வரட்டும். அதைக் கண்ட பிறகே நான் வெளிக்கிடுவேன். ஏழு வருஷம் இருந்தவள் இன்னும் கொஞ்சம் இருப்பேன்.

ஒன்று சொல்கிறேன். சங்கக் கடையில் உங்களை வேலையால் நிறுத்திய வாரம் நினைவிருக்கிறதா? மூன்று நாள் வீட்டில் ஒருவரையும் சிரிக்காமல் இருக்க விடவில்லை. முகாமையாளர் மாதிரி நடந்து காட்டினீர்கள். வேலை போனதை நாலாம் நாள் சந்தையில் வைத்து வேறொரு பெண் எனக்குச் சொன்னாள். சிரித்துக்கொண்டு வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குப் பயம் வந்தால் பகிடி வரும். சித்திரை மாதக் கடிதத்தில் பகிடி கூட. அட்டையில் இன்னும் கூட.

நான் வருவதும் வராததும் நீங்கள் மறைப்பதைச் சொல்வதிலேதான் இருக்கிறது.

குகனேஸ்வரி


பலேர்மோ,
14 ஜூலை 1996

அன்பின் குகனேசுக்கு,

இந்தக் கடிதத்தில் பகிடி இல்லை. இடையில் ஒன்றிரண்டு வந்துவிட்டால் அது பழக்கதோஷம்.

லண்டனுக்கு ஒருவரும் எழுதவில்லை. அட்டையில் நான் எழுதியது பொய்.

பத்திரம் வந்த அன்று காலை அதை அட்மிரலிடம் எடுத்துக்கொண்டு போனேன். மாமா உமக்குச் சொன்ன கதையை நானே ஆங்கிலத்தில் அளந்தேன். எங்கள் மாமனாருடைய மூலை உங்கள் ராசாவிடம் இருக்கிறது, ஐயா என்று. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன். அவர் வாங்கிப் பார்த்தார். கண் தெரியாததால் விரலால்தான் பார்ப்பார். பெருவிரல் கரையோரமாகப் போய் அந்த வெட்டில் வந்து நின்றது. அங்கேயே நின்றது.

மேலே ஒரு சின்ன வரி அச்சடித்திருக்கும், அதை வாசி என்றார். சந்தனக் கறை, எழுத்துத் தெரியவில்லை என்றேன். யன்னல் வெளிச்சத்தில் பிடி என்றார். பிடித்தேன். தெரிந்தது. உரக்க வாசிக்கத் தொடங்கினேன். ஒழுக்கம் கெட்டதென்று, அல்லது அவமானத்துடன், ஒருவர் விலக்கப்பட்டால் இந்தப் பத்திரத்தின் மூலையை வெட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் பாதியில் நிறுத்திவிட்டேன். மிச்சத்தை அவரே பாடமாகச் சொன்னார்.

மாமா அந்த வரியின் மேலேதான், குகனேஸ், வருஷா வருஷம் சந்தனம் வைத்திருக்கிறார்.

நேப்பிள்ஸ் கப்பல் வந்தது. அவர் நேரம் கேட்கவில்லை. தன் கதையைச் சொன்னார். 1950இல் அவர் கொமாண்டர். எங்கள் கொட்டியாரக் குடாவில்தான், பட்டப்பகலில், தன் கப்பலை மணலில் ஏற்றியிருக்கிறார். விசாரணை. அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. விசாரிக்கப்படுகிற அதிகாரியின் வாளை மேசையில் குறுக்கே வைத்திருப்பார்கள். தீர்ப்புக்காக அவரை உள்ளே கூப்பிடும்போது வாளின் முனை அவர் பக்கம் திரும்பியிருந்தால் குற்றவாளி. வாயால் ஒருவரும் சொல்லத் தேவையில்லை. கதவைத் திறந்ததும் முனை தன்னைப் பார்த்ததாம். கண்டனம் எழுதி, வாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு அதே வாளோடு ரியர் அட்மிரலாகவும் ஆனார்.

எனக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், ஸ்டுவேர்ட்டுக்கு வெட்டி எடுத்தார்கள் என்றார். தானும் நாலு பேருக்குக் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறாராம். நாலு பேரின் பெயரும் நினைவில்லையாம். அதைச் சொல்லும்போது முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

அகஸ்ரீனாவுக்கு வாள் கதையை முப்பது வருஷம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். ஒரு விருந்தில் குடித்திருந்த பழைய நண்பர் ஒருவர் உளறிவிட்டார். அந்த அம்மாவுக்குக் கப்பல் ஏறிய மணல் பெரிதாகப் படவில்லையாம், முப்பது வருஷம்தான் பட்டதாம். அதைச் சொல்லிவிட்டு உம்முடைய கொன்ட்ராத்தோவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதனின் தண்டனை எப்போதோ முடிந்துவிட்டது, அவன் மகளுக்கு அதில் பங்கில்லை என்றார். உமக்குச் சொல்வதும் விடுவதும் என் பொறுப்பு என்றார்.

எனக்குத் தைரியம் வரவில்லை. மாமாவின் பொய்யை நான் தொடர்ந்து நடத்தினேன். அவர் நடத்தியதில் ஒரு அழகு இருந்தது, நான் நடத்தியதில் அதுவும் இல்லை.

இன்னொன்று. நான் காரியதரிசி இல்லை. வாசிப்பது உண்மை. ஆனால் அவரைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, கழிப்பறைக்குத் தூக்கிப் போவது எல்லாம் நான்தான். ஆறு மாதமாக அதுதான் வேலை.

பத்திரம் என் சூட்கேசில் இருக்கிறது. கறையைத் துடைக்கவில்லை.

செல்வராசா


பலேர்மோ,
25 ஆகஸ்ட் 1996

அன்பின் குகனேசுக்கு,

உமது கடிதம் ஒன்றும் வரவில்லை. தபால் பிந்தியிருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்கிறேன்.

குவெஸ்தூராவில் கடுதாசி சரிவந்துவிட்டது. கொழும்பில் இத்தாலியத் தூதரகத்துக்குப் போனால் போதும். பிரதியை இத்துடன் வைக்கிறேன். டிசம்பர் முடியும் வரைக்கும் செல்லும்.

அட்மிரல் இப்போது காலையில் நேப்பிள்ஸ் கப்பலைக் கேட்பதற்கு முதல் தபாலைக் கேட்கிறார். "இல்லை, ஐயா" என்கிறேன். எத்தனை நாள் பிந்தி என்று கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசெனோடு மலையேறி, இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவின் கோயிலுக்குப் போய் வந்தேன். எல்லாத் தமிழரும் போகிறார்கள், முருகனுக்குத் தெரிந்தால் பாதகமில்லை என்கிறான் வாசென். முழங்கால் அபிப்பிராயம் சொன்னது. இந்த முறை கேட்டுக்கொண்டே ஏறினேன்.

செல்வராசா


உவர்மலை,
22.09.1996

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. தபால் பிந்தவில்லை. நான்தான் எழுதவில்லை.

முதலில் அப்பாவோடு கோபம். வெறும் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். பிறகு உங்களோடு கோபம். சித்திரையில் எழுதியிருந்தால் சித்திரையிலேயே அழுது முடித்திருப்பேன். அதன் பிறகும் ஊரெல்லாம் லண்டனிலிருந்து மூலை வருகுது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அந்தக் கோபம்தான் நீண்ட நாள் இருந்தது.

போன வாரம் பாலையூற்றுக்குப் போனேன். அப்பாவோடு கப்பலில் இருந்த ஜோக்கிம் மாமா இன்னும் இருக்கிறார். காது மந்தம், மற்றதெல்லாம் சுகம். அப்பா என்ன செய்தார் என்று நேரே கேட்டேன். இரண்டாம் தரம் உரக்கக் கேட்க வேண்டியிருந்தது, பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"உனக்குத் தெரியாதே?" என்றார். "கரண்டி, பிள்ளை. அதிகாரிமாரின்ரை மேசைக் கரண்டி, நங்கூரம் போட்டது. ரெண்டு டசின்."

விற்றாரா என்று கேட்டேன். ஜோக்கிம் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கொப்பன் ஒண்டும் விக்கேல்லை. ஊரிலை ஆற்றையும் கலியாணம் எண்டால் வெறுங்கையோடை போகமாட்டான். ஒரு கரண்டியைக் கடுதாசியிலை சுத்தி, கடற்படை சார்பிலை எண்டு குடுப்பான். கடைசியிலை ஒரு கலியாணத்துக்கு எங்கடை பெரிய ஸ்டுவேர்ட்டையும் கூப்பிட்டிட்டினம். துரைக்கெண்டு விசேஷமாப் பாயாசத்தை அந்தக் கரண்டியோடை குடுத்தினம். ஆள் ரெண்டு வாய் குடிச்சுப்போட்டுத்தான் நங்கூரத்தைக் கண்டது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அத்தான். ஜோக்கிம் மாமாவும் சிரித்தார். பிறகு இருவரும் நிறுத்திவிட்டோம். "அதுக்குப் பிறகு அவன் துறைமுகப் பக்கமே வரேல்லை" என்றார். அது எனக்குத் தெரியும். கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் அப்பா எங்களைச் சுற்றுப் பாதையால்தான் கூட்டிக்கொண்டு போவார். அந்தப் பாதையில் நிழல் கூட என்பார்.

வீட்டுக்கு வந்து சர்க்கரைப் போத்தலைத் திறந்து அந்தக் கரண்டியை எடுத்துக் கழுவினேன். நாற்பது வருஷம் நாங்கள் பால் குடித்தது அதில். சட்டத்தை மறுபடி மாட்டவில்லை. நீங்கள் பத்திரத்தைக் கறையோடு அப்படியே வைத்திருங்கள். அவர் மறைத்ததும் அவருடையதுதான்.

காரியதரிசி விஷயம். நீங்கள் முதல் கடிதத்திலேயே சவரக்கத்தியோடுதான் வந்தீர்கள். சயந்தினி அன்றைக்கே சொன்னாள், அப்பா ஒரு கிழவரைப் பராமரிக்கிறார் என்று. நான் ஓம் என்றேன். நீங்களாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். எட்டு மாதமாக ஒரு வயதானவரைத் தூக்கி இறக்குகிற ஆளுக்கு முழங்கால் நோகாமல் என்ன செய்யும்? நல்லெண்ணெய் கொண்டு வாறன்.

தூதரகத்துக்குப் போய் வந்துவிட்டேன். ஒக்டோபர் பத்தொன்பதாம் திகதி ரோமுக்கு விமானம், அங்கிருந்து ரயில். மறுநாள் மத்தியானம் ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் நில்லுங்கள். கரையிறங்க அட்மிரலிடம் முறையாக அனுமதி கேட்டுக்கொண்டு வாருங்கள்.

கரண்டியும் என்னோடு வருகிறது. அட்மிரலின் கையில் நானே கொடுப்பேன். இருபத்துநாலில் இந்த ஒன்றுதான் வீட்டில் தங்கியது, மற்றதெல்லாம் கலியாணமாகிப் போய்விட்டது என்று நீங்கள் அவருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். காரியதரிசிமார் செய்கிற வேலை அதுதானே.

அன்புடன்,
உங்கள்
குகனேஸ்